சீச்சீ அக்காவின் இசை ஈடுபாடு

"சிறு வயது முதலே இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். நவீன இரைச்சலின் பிடியிலிருந்து பிஞ்சு உள்ளங்களை மீட்கும் அறப்பணிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர். நம் பெற்றோர் சங்கத்தின் நல்லிசைக் காப்புக் குழுத் தலைவி."

தொடக்கப்பள்ளியின் ஆண்டு மலரில் ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பவர் மூக்கைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, பக்கத்தில் யாரோ தும்மிவிட்டதுபோல நிற்கிறார். உண்மையிலேயே தும்மியிருந்தார்கள். படம் எடுத்தவர்தான். அந்தப் பக்கத்தில் பொய் சொல்லாதது அந்தப் படம் மட்டும்.

இசையைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். அதைக் கேட்டுக் கைபேசியை எடுத்து "ஹலோ" என்று சொல்லியிருக்கிறார், ஒரு தடவைக்கு மேல். பள்ளியில் வாழ்த்துப் பாட்டு முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்பதைப் பக்கத்தில் நிற்பவர் உட்காருவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். அவருடைய ஈடுபாடு முழுவதும் வேறொரு பொருளில். அது எச்சில்.

ஈடுபாடு என்ற சொல் இங்கே பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். விரும்புகிற ஒன்றை மனிதர்கள் அவ்வப்போது மறந்துபோவார்கள். அருவருக்கிற ஒன்றை ஒரு நொடிகூட மறப்பதில்லை.

அவர் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டரம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து பல்லைக் குடைவார். இவர் மறுபக்கம் நின்று, வாய்க்குள் ஊறித் தேங்கும் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பார். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை வாய், வாய், வாய். புகையிலை வாய், பூண்டு வாய், பயந்து நாக்கை உருட்டும் வாய், மரத்துப்போய் ஒழுகும் வாய். எச்சிலைக் கண்டாலே குடலைப் பிரட்டும் ஒரு பெண், முன்பின் தெரியாதவர்களின் எச்சிலை உறிஞ்சிப் பிழைப்பது எப்படி என்று கேட்டால் டாக்டரம்மா சொல்வார்:

"அருவருப்பே இல்லாதவங்களையும் வேலைக்கு வெச்சுப் பாத்துட்டேன். குழாயைப் பிடிச்சிட்டுப் பராக்குப் பாத்துட்டு நிப்பாங்க. இவ அப்படி இல்ல. ஒரு சொட்டு கிளம்பறதுக்கு முன்னாடி பாஞ்சிருவா. எதிரியைக் கண்ணுல வெச்சிருக்கறவ தூங்கமாட்டா."

முகக்கவசத்துக்குள் அவர் ஓயாமல் "சீ… சீ…" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்வார். சீச்சீ அக்கா என்ற பெயரை வரவேற்பில் உட்காரும் பெண் வைத்தாள். அது மருத்துவமனையைத் தாண்டித் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளேயும் போய்விட்டது. கணவர்கூட நல்ல மனநிலையில் இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். வீட்டில் ஆளுக்கொரு டம்ளர். மாறிவிடக் கூடாது என்பதற்காக அடியில் ஆளுக்கொரு நிறப் பட்டை அடித்துக் கொடுத்தவர் அவரே. காய்கறிக் கடைக்காரர் பையைப் பிரிக்க விரலை நக்கினால், பொறுக்கி வைத்த காய்கறியை அப்படியே விட்டுவிட்டு அக்கா நடையைக் கட்டிவிடுவார். பிறந்தநாள் கேக்கின் மேல் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, அதையே வெட்டி விருந்தாளிக்குக் கொடுக்கும் நாகரிகத்தைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று அவர் விவரித்திருக்கிறார். அதை இங்கே எழுத முடியாது. மகளுக்கு முத்தம் கொடுப்பார், உச்சந்தலையில், முடியின் மேல். திருப்பி வாங்கிக்கொள்வது கைப்பக்கம் மட்டும், அதுவும் சட்டைத் துணியின் மேல்.

இப்படிப்பட்டவரின் மகள் படிக்கும் பள்ளிக்குத்தான் புதுப் பாட்டு வாத்தியார் வந்து சேர்ந்தார்.

பழைய பாட்டு டீச்சர் ஓய்வு பெற்றதும், பாடத்திட்டத்தில் "நவீன இசை வகைகள்" என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். வாத்தியார் இளைஞர். கையில் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருப்பார். அதில் ஒரு சத்தத்தைப் பதிந்துவிட்டால் நிறுத்தச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் மேல் பிள்ளைகளை வேக வேகமாகப் பேசவிட்டு ராப் என்றார். பெருக்கல் வாய்ப்பாட்டை ராப் ஆக்கினார். அதுவரை யாருக்கும் பெரிதாக ஆட்சேபணை இல்லை. பிறகு வாயாலேயே மேளம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். பீட்பாக்ஸ். உதட்டை இறுக்கி ஒட்டவைத்து வெடிக்க விட்டால் பெரிய மேளம். பல்லிடுக்கில் காற்றைச் சீறவிட்டால் ஜால்ரா. நாக்கை மேலண்ணத்திலிருந்து சடாரென்று பிய்த்தால் சின்ன மேளம். இந்த மூன்றுக்கும் பொதுவானது எது என்று சீச்சீ அக்காவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஈரம்.

மகள் மூன்றாம் வகுப்பு. அப்பா வைத்த செல்லப்பெயர் வண்டு. முன்பற்கள் விழுந்து, புதுப் பற்கள் பாதி எட்டிப் பார்க்கிற பருவம். அந்த இடைவெளி வழியாக அவள் விட்ட சீறல்தான் வகுப்பிலேயே அருமையானது என்று வாத்தியார் பாராட்டியிருந்தார். அந்த வழியாகச் சத்தம் மட்டும் வரவில்லை என்பதை வாத்தியார் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து.

"அம்மா, இங்க பாரேன். பூம்… த்ஸ்… க… த்ஸ்…"

"வண்டு! சாப்பாட்டு மேல!"

"மேல இல்லம்மா. பக்கத்துல."

"பக்கத்துல என்ன பக்கத்துல? அப்பா தட்டுல போய் விழுந்திருக்கு. சீ, கருமம்! படிக்க அனுப்பினா துப்பக் கத்துக்கிட்டு வந்திருக்கு."

அப்பா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எங்க விழுந்துச்சு? ஒண்ணையும் காணோமே."

"வெள்ளைக்குள்ளயே அத்தனை வெள்ளை இருக்குன்னு கடைல கதை விடற கண்ணு, இது மட்டும் தெரியாதாக்கும்."

"சரி, விடு. நல்லாத்தானே அடிக்குது. இன்னொருவாட்டி அடி, வண்டு."

"அடிக்கட்டும். அடிச்சா அப்பனும் மகளும் மாடிப்படியில உக்காந்து சாப்பிடுங்க. நான் இந்த மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும்."

அதே வாரம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. காரணம் எச்சில் இல்லை. பண்பாடு. "தெருப் பொறுக்கிகளின் இசை" என்றார் ஒருவர். "இதுக்கா ஃபீஸ் கட்டறோம்?" என்றார் இன்னொருவர். குழந்தைகளின் காது கெட்டுவிடும், மொழி கெட்டுவிடும், கடைசியில் ராப் பாடகர்களைப்போலக் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு அலைவார்கள் என்று எழுதியவர் நகைக்கடை வைத்திருப்பவர். சங்கிலி விற்றே பிள்ளையைப் படிக்கவைப்பவர்.

கூட்டம் பள்ளி அரங்கில் நடந்தது. சங்கத் தலைவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்போதே மூன்றாவது வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதிர வைப்பது எந்த வகை இசை என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அவர் மேடையேறி, நவீன இசை நம் பிள்ளைகளின் ரத்தத்தில் விஷமாக இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய சட்டைப்பையில் கைபேசி அலறியது. மேளமும் வசையுமாக, அவர் சொன்ன அதே விஷம்தான். அதை அணைத்துவிட்டுக் கொஞ்சமும் கூச்சப்படாமல் தொடர்ந்தார். "பெரியவங்க கேக்கலாம். பெரியவங்களுக்கு பிரேக் இருக்கு. குழந்தைக்கு ஏது பிரேக்?" கைதட்டினார்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் கூடங்களில் இதே இசைக்கு வேர்க்க விறுவிறுக்க ஆடிய கைகள்தான் அவை.

தலைமையாசிரியை வாத்தியாரைக் கூப்பிட்டு, சொல்லிக் கொடுப்பதை இங்கேயே செய்து காட்டச் சொன்னார். பாவம், வாத்தியார் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உற்சாகமாகத் தொடங்கினார். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பொடித் தூறல் எழும்பி, மின்னி, முன்வரிசையைப் பார்த்து இறங்குவதை அரங்கில் ஒரே ஒருவர்தான் பார்த்தார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சீச்சீ அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். முகம் அப்படியொரு கோணலாகப் போயிருந்தது. "சீ… கண்ணால பாக்க முடியல. சின்னப் பிள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் குடுக்கறீங்க?"

அரங்கமே அவர் பக்கம் திரும்பியது. பேசியவர்கள் எல்லாரும் கோபப்பட்டிருந்தார்கள், கவலைப்பட்டிருந்தார்கள். ஆனால் யாருக்கும் குமட்டவில்லை. உண்மையான அருவருப்பு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தார்கள்.

"பாத்துக்கங்க!" என்றார் ஓட்டுநர் பள்ளிக்காரர். "இதுதான் ஒரு தாயோட மனசு. மேடம், உங்களுக்குப் பழைய பாட்டுன்னா உயிரோ?"

"எனக்குச் சத்தமே பிடிக்காதுங்க."

"கேட்டீங்களா? இன்னிக்கு வர்றதெல்லாம் பாட்டே இல்ல, சத்தம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க!"

அதே கூட்டத்தில் நல்லிசைக் காப்புக் குழு உருவாகி, அதற்கு அவரையே தலைவி ஆக்கினார்கள். அவர் மறுக்கவில்லை. குழு எதற்கு என்று அவருக்குத் தெளிவாகப் புரிந்ததா என்பது சந்தேகம். அந்த வகுப்பு நிற்கும் என்றார்கள். அது போதுமானதாக இருந்தது.

ஆனால் வகுப்பு அவ்வளவு சுலபமாக நிற்கவில்லை. "பிடிக்கலங்கறது காரணம் இல்லீங்க" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "எங்க வீட்டுக்காரருக்குக் கணக்கு பிடிக்காது. அதுக்காகக் கணக்கை எடுத்துட முடியுமா? உடம்புக்குக் கெடுதல்னு நிரூபிச்சா நிர்வாகக் குழு கேக்கும். நானே கேப்பேன்."

குழுவில் ஒரு வக்கீலம்மா இருந்தார். ஒரு சாயங்காலம் அவரே மருத்துவமனைக்கு வந்து சீச்சீ அக்காவைப் பார்த்தார். அக்கா உபகரணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் எங்க துருப்புச்சீட்டு. பண்பாடு, கிண்பாடெல்லாம் அங்க எடுபடாது. பல் ஆஸ்பத்திரில இத்தனை வருஷமா இருக்கீங்க. வாயால மேளம் அடிச்சா நோய் பரவும்னு நிர்வாகக் குழு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"பரவும்தானே. சொல்றேன்."

"அவ்வளவுதான் வேணும். அதுக்கு மேல ஒண்ணும் பேசாதீங்க. கேள்வி கேட்டா என்னைப் பாருங்க."

"அப்படியே அந்தக் குழாயைத் தொடாம தள்ளி நில்லுங்க. இப்பத்தான் ஒருத்தர் வாயிலேருந்து வந்துச்சு."

வக்கீலம்மா வாசல்வரை தள்ளி நின்றார்.

வீட்டுக்குள் இதற்கிடையில் ஒரு மாற்றம் வந்திருந்தது. வண்டு மேசையில் அடிப்பதை விட்டுவிட்டாள். குளிக்கிற அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பூம் த்ஸ் க த்ஸ் கேட்கும். பள்ளி ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்பு ராப் பாடப்போகிறது, அதற்கு மேளம் அவள்தான் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதுவரை அவளை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. ஓட்டத்தில் கடைசி, கோலியில் கடைசி, கையெழுத்து கோழி கிளறினது மாதிரி. வாயில் ஓட்டை விழுந்ததற்காக மேடையேற்றுவார்கள் என்று அவளும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதை அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா வழக்கம்போல மனைவியிடம் உளறிவிட்டார்.

அன்று குளியலறைக் கதவுக்கு வெளியே அம்மா காத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது.

"தண்ணியை இப்படியா வீணாக்குவாங்க?"

"தண்ணி இல்லன்னா உனக்குக் கேக்குமே."

வண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ போய்ச் சொன்னா எங்க வகுப்பை நிறுத்திடுவாங்களாம்மா? ஓட்டுநர் பள்ளி அங்கிள் பொண்ணு சொன்னா."

"நிறுத்தலாம்."

"அப்ப நான் அடிக்க முடியாது."

"வேற ஏதாவது பண்ணு. படம் வரை. ஓரமா உக்காந்து, வாயை மூடிட்டு, அழகாப் படம் வரையலாமில்ல?"

"எனக்கு வராதும்மா. இதுதான் வருது." துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். "உனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. உனக்கு என்னைப் பாத்தாதான் சீ."

"அடி வாங்கப்போற. யார் சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நீ முகத்தை அப்படி வெச்சிருக்க."

சீச்சீ அக்கா அன்று கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்திருப்பார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பார்க்கவில்லை. கதவின் கைப்பிடியைத் துடைத்தார். மகள் ஈரக் கையால் பிடித்திருந்தாள்.

நிர்வாகக் குழு தலைமையாசிரியை அறையில் கூடியது. நீள மேசை. ஒரு பக்கம் நிர்வாகத்தார், நடுவில் அவர்களுடைய தலைவராக ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். எதிர்ப்பக்கம் ஓட்டுநர் பள்ளிக்காரர், வக்கீலம்மா, சீச்சீ அக்கா. வாத்தியார் சுவரை ஒட்டி நின்றார். வகுப்பு போனால் அவரும் போவார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. செய்து காட்டுவதற்காக வண்டுவையும் அழைத்து வந்திருந்தார். அம்மா எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் உலர்ந்து, மேளம் சுரத்தில்லாமல் வந்தது. அன்று அவளிடமிருந்து ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. தெறிக்காததை அம்மா கவனித்தார்.

வக்கீலம்மா எழுந்து நோய், கிருமி, சுகாதாரம் என்று நன்றாகவே பேசினார். பொறியாளர் கேட்டுவிட்டு, "சரி, பாட்டு வகுப்பையே எடுக்க முடியாது, விதி இருக்கு. இதை எடுத்தா பதிலுக்கு என்ன?" என்றார்.

ஓட்டுநர் பள்ளிக்காரர் அதற்காகவே காத்திருந்தவர். மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். பழைய டீச்சர் காலத்து பிளாஸ்டிக் ஊதுகுழல்கள். பள்ளியின் பண்டக அறையில் கிடந்தவை. ஒரு வகுப்பு ஊதிவிட்டுப் பெட்டியில் போடும், அடுத்த வகுப்பு வந்து எடுத்து ஊதும். இப்படி ஒரு தலைமுறையே ஊதி வளர்ந்திருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தவை. இப்போது வாய் வைக்கும் இடம் பழுப்பேறி, கடித்த பல்தடங்களோடு, துளைகளின் விளிம்பில் ஏதோ கறுப்பாகப் படிந்து இருந்தன. பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. பூ வைத்த ஜாடியில் பல நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வருமே, அது.

"இது இசை!" என்றார் அவர். "நானே இதுலதான் கத்துக்கிட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்துலதான். யார் கண்டா, இதே குழலாக்கூட இருக்கலாம்." ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கன்னம் புடைக்க ஊதினார். ஏதோ ஒரு பாட்டின் முதல் வரி வந்தது. நிர்வாகத்தார் தலையாட்டினார்கள். அவர் குழலை வாயிலிருந்து எடுத்து, சட்டை விளிம்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வண்டுவைப் பார்த்து நீட்டினார். "வா பாப்பா. வாயால துப்பினது போதும். இதை ஊது பாப்போம்."

வண்டு வாங்கிக்கொண்டாள். பெரியவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். வாய்க்கருகே கொண்டு போனாள்.

சீச்சீ அக்கா எப்படி மேசையைச் சுற்றி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டபோது குழல் அவர் கையில் இருந்தது. பிடுங்கிய வேகத்தில் அது தலைகீழாகச் சாய, அடிமுனையிலிருந்து கொழகொழவென்று ஒரு சொட்டு இறங்கி, அவருடைய உள்ளங்கையில் உட்கார்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கையுறை இல்லை.

அவர் கையைப் பார்த்தார். ஓட்டுநர் பள்ளிக்காரரைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"என்னாச்சு மேடம்?" என்றார் ஊதியவர்.

"உங்க எச்சில்" என்றார். "உங்க எச்சில் என் கைல இருக்கு."

"அட, சும்மா கொஞ்சம் ஈரம்தான்…"

"கொஞ்சமா? எந்த வருஷம் யாரோடதோ, அத்தனையும் உள்ள காஞ்சு கெடக்கு. நீங்க ஊறவெச்சு எடுத்து என் பொண்ணு வாயில வைக்கப் பாக்கறீங்க. சீ! த்தூ! மனுஷன்தானா நீங்க?"

வக்கீலம்மா அவசரமாக எழுந்தார். "மேடம், கேள்வி அது இல்ல. வாயால மேளம் அடிச்சா நோய் பரவுமா, பரவாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"பரவும்."

"கேட்டுக்கங்க ஐயா. பரவும்னு…"

"பாடினாலும் பரவும். நீங்க பேசறப்பவும்தான் பரவுது. வந்ததுலேருந்து பாத்துட்டுதான் இருக்கேன். அந்த டம்ளர்ல மூணாவது தடவை விழுந்திருக்கு. அதை ஐயா ரெண்டு வாய் குடிச்சிட்டார்."

பொறியாளர் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக, ஒரு விரலால், தள்ளி வைத்தார். வக்கீலம்மா வாயை மூடிக்கொண்டார். வெட்கத்தால் இல்லை. இனி எந்தப் பக்கம் பேசுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க கருத்து என்னம்மா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"எல்லாத்தையும் நிறுத்துங்க. ஊதறது, பாடறது, துப்பறது, எல்லாத்தையும். பிள்ளைங்க வாயை மூடிட்டு உக்காரட்டும்."

"அது முடியாது. ரெண்டுல ஒண்ணு இருந்தாகணும். இந்தக் குழலா, அந்த மேளமா? புகார் குடுத்தது உங்க குழு, அதனால அது சொல்றதுதான் முடிவு. நீங்கதான் தலைவி."

சீச்சீ அக்கா உள்ளங்கையை உடம்பிலிருந்து தள்ளி, ஏதோ பிடிபட்ட பிராணியைப் போலத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் அவருக்குக் குமட்டின. நியாயமாகச் சொல்வதானால், அவர் அந்த அறையில் வேறு எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள், தவறிக்கூட ஒன்றும் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுபோல.

"மேளம் இருக்கட்டும்" என்றார்.

"என்னது?" என்றார் ஓட்டுநர் பள்ளிக்காரர்.

"அவ எச்சில் அவ வாயில. இன்னொருத்தனோடது இல்ல. அசிங்கம்தான். இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்."

பண்பாட்டுக்கு இப்படியொரு தீர்ப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. ஓட்டுநர் பள்ளிக்காரர் வெளியே வந்து, அந்தம்மாவை வாத்தியார் விலைக்கு வாங்கிவிட்டார் என்று சொன்னார். வக்கீலம்மா, சுகாதாரம் பற்றிய தன் வாதத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டதாக வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். இரண்டையும் எல்லாரும் நம்பினார்கள். குழுத் தலைவி பதவியிலிருந்து அக்காவை நீக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஆனால் ஆண்டு மலர் அதற்குள் அச்சகம் போய்விட்டது.

நிர்வாகம் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தது. பிள்ளைகள் ஒரே மைக்கைத்தான் மாற்றி மாற்றி வாயில் ஒட்டிப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் அதைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் வகுப்பும் இல்லை, ஆண்டு விழாவில் மேளமும் இல்லை. பள்ளி ஆயா தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார். பெற்றோர்களைக் கேட்டபோது, பிஞ்சு உள்ளங்களுக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"கிளவுஸ் யார் வாங்கித் தருவா?" என்று கேட்டார் சீச்சீ அக்கா.

டாக்டரம்மாவிடம் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் விடுப்பு வாங்கிக்கொண்டார். மருத்துவமனையில் உறிஞ்சியது போதாது என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்த் துடைக்கிறாளே என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். கணவர் ஆச்சரியப்படவில்லை. "அவளுக்குப் பிடிக்காததை அவ வேற யாரையும் நம்பி விடமாட்டா" என்றார்.

அந்த வருஷத்தில் மிச்சமிருந்த நாள்களில் அவர் மூன்றாம் வகுப்பின் பாட்டு நேரத்தில், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வாத்தியாருக்குப் பக்கத்தில் நின்றார். "சீ… சீ…" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு பிள்ளை முடித்ததும் மைக்கை வாங்கி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார். ஆண்டு விழா மேடையிலும் அதையே செய்தார். மகள் அடித்து முடித்தபோது, அவளிடமிருந்தும் மைக்கை வாங்கித் துடைத்தார்.